கை விட்டாலும் சாயாத இறக்கை

வானூர்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அது மண்ணை விட்டு எழுந்த கதையையே விரித்து எழுதினர். எழுந்த பின்னர் அது இடப்புறமோ வலப்புறமோ சரிந்துவிடாமல் எவ்வாறு நிமிர்ந்து சென்றது என்னும் கதைக்கு நம் பாடநூல்களில் இடம் கிடைத்ததில்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஆர்வில் ரைட் 12 வினாடிகள் பறந்து 120 அடி தொலைவைக் கடந்தார் என்பதை மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். அவ்வூர்தியின் வலப்புற இறக்கை இடப்புற இறக்கையைவிட ஏறத்தாழ 4 அங்குலம் நீளமானது என்பதைச் சொல்பவர் அரியர். அந்த 4 அங்குலம் தச்சுப் பிழையன்று. இயந்திரம் நடுக்கோட்டிற்கு வலப்புறமும், ஓட்டுபவர் இடப்புறமுமாக அமைந்திருந்தனர். ஓட்டுபவரைவிட இயந்திரம் எடை மிகுந்தது. அந்த மிகுதியைத் தாங்குவதற்கே வலப்புற இறக்கை நீட்டப்பட்டது. வானூர்தி பிறந்த நாளிலேயே சமன் செய்யும் கலையும் உடன்பிறந்து விட்டது எனலாம்.

இக்கலையை விளங்கிக்கொள்ள ரிங்லெட்டில் வாழும் நம் மாணவர் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. தேயிலைச் சரிவில் கொழுந்து கொய்யும் பெண் கூடையின் பாரம் ஒருபக்கமாக இழுக்கும்போது தம் உடலை மறுபக்கம் வளைத்துக்கொள்கிறார். கூடை விழுவதில்லை, வேலையும் நிற்பதில்லை. ஆயினும் மாலையில் இடுப்பு கடுக்கிறது. கூடையின் பட்டையைச் சற்றே இழுத்துக் கட்டியிருந்தால் அந்த வலி வேண்டியிராது. ஒருபக்கம் கனக்கும் வானூர்தியை ஓட்டுபவர் நிலையும் இதுவே. பிடியை மறுபக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஊர்தி நேராகச் செல்லும். ஐந்து நிமிடம் பிடிக்கலாம். இரண்டு மணிநேரம் பிடிக்க முடியுமா? நிலப்படத்தை விரிக்கக் கையை எடுத்தால் இறக்கை சரிகிறது. நம் கேமரன் மலையில் பிற்பகலில் இறங்குவது போன்ற மூடுபனிக்குள் அது நிகழ்ந்தால், சரிவதே ஓட்டுபவருக்குத் தெரியாது. அடிவானம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் மனிதனின் காது அவனை ஏமாற்றும். சரிந்த ஊர்தி சுழன்று இறங்கத் தொடங்கும். அதன் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆகவே பட்டையை இழுத்துக் கட்டும் இவ்வேலையை வசதிக்கான ஒப்பனை என்று ஒதுக்குவது தவறு.

ஊர்தியை இடவலமாகச் சாய்க்கும் உறுப்பிற்குப் பிரெஞ்சு மொழியில் அய்லரான் என்று பெயர். சிறிய சிறகு என்பது அதன் பொருள். இறக்கையின் பின்னோரத்தில், நுனிக்கு அருகில், கதவைப் போலக் கீல் வைத்துப் பொருத்திய பலகை அது. ஒருபக்கப் பலகை மேலே எழும்போது மறுபக்கப் பலகை கீழே தாழும். தாழ்ந்த பக்கத்து இறக்கைக்குத் தூக்குவிசை கூடுகிறது. எழுந்த பக்கத்திற்குக் குறைகிறது. இதனைத் தமிழில் ஓரச்சிறகு என்று வழங்கலாம் என்பது என் கருத்து. கைவிட்டாலும் சாயாதவாறு அதனைத் திருத்தி வைப்பதைச் சமன்திருத்தம் என்போம். இவ்விரு சொற்களையும் கட்டுரை முழுவதும் அப்பொருளிலேயே ஆள்கிறேன்.

ஓரச்சிறகின் பிறப்பு விந்தையானது. 1868இலேயே மேத்யூ போல்ட்டன் என்னும் ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று பறக்கும் ஊர்தியே இல்லை. ஆகவே அந்தத் தாள் உறங்கிப் போயிற்று. ரைட் சகோதரர்கள் ஓரச்சிறகை நாடவில்லை. பறவை தன் சிறகு நுனியை முறுக்குவதைக் கண்டு, இறக்கை முழுவதையும் கம்பியால் முறுக்கும் முறையைக் கையாண்டனர். 1906இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றனர். அதே ஆண்டு நவம்பரில் பாரிசில் சான்டோஸ் டுமோன் தம் ஊர்தியில் எண்கோண வடிவ ஓரச்சிறகுகளைப் பொருத்தினார். அவற்றை இயக்கும் கம்பிகள் அவர் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தன. அவர் சாய்ந்தால் ஊர்தி நிமிரும். 1908ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆன்ரி ஃபார்மன் கீல் வைத்த ஓரச்சிறகைத் தம் ஊர்தியில் நிலைநாட்டினார். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவோ இறக்கை முறுக்கலையே நம்பிப் பறந்தார். அந்த ஆண்டில் புதிதாக ஊர்தி செய்ய முனைந்த எவர்க்கும் முன்னிருந்தவை இந்த இரண்டு வழிகளே.

அவ்வாறு முனைந்தவருள் ஒருவர் நம் சென்னையில் இருந்தார் என்பதுதான் நமக்குரிய செய்தி. ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பது அவர் பெயர், கோர்சிகா தீவினர், மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்ற விடுதி ஒன்றை நடத்தியவர். பொறியாளர் அல்லர். பிளேரியோவின் செய்தியைப் படித்து மனம் கிளர்ந்து, தாமே ஓர் ஈரடுக்கு இறக்கை ஊர்தியை வடிவமைத்தார். அதனை உருவாக்கிக் கொடுத்தது சிம்சன் நிறுவனம். 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய அந்நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவியால் ஓடும் காரையும் செய்து பார்த்தது. 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிறிய இயந்திரம் பூட்டிய அவ்வூர்தியைப் பல்லாவரத்தில் டி ஏஞ்சலிஸ் பறக்கவிட்டுச் சோதித்தார். பின்னர்த் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டினார்.

இந்திய வானூர்தி வரலாறு அலகாபாத்தில் தொடங்குவதாகவே பல நூல்கள் கூறும். அங்கு ஊர்தி பறந்தது 1910 டிசம்பரில். ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தது 1911 பிப்ரவரி 18இல். சென்னைக்காரரின் முயற்சி இவற்றிற்கு ஒன்பது மாதம் முந்தியது. இன்னொரு வேறுபாடும் உண்டு. அலகாபாத்தில் பறந்தது கப்பலில் வந்திறங்கிய ஊர்தி. சிங்கப்பூரில் 1911 மார்ச்சில் பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் ஃபாரர் பார்க் திடலில் பறக்கவிட்டதும் பிரிஸ்டல் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த ஊர்தியே. பல்லாவரத்தில் எழுந்ததோ உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தது. தாமே ஊர்தி கட்டிக்கொள்ளும் இன்றைய ஆர்வலர் வரிசைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோரைத் தேடினால், அவர் இந்த விடுதிக்காரர்தாம்.

எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. இக்கதை சொல்லப்படும்போதெல்லாம் விடுதிக்காரர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வருகின்றன. மரத்தை இழைத்தவர், துணியை இழுத்துக் கட்டியவர், கம்பியை முறுக்கியவர் பெயர் வருவதில்லை. வண்டிப் பட்டறையின் தச்சருக்கும் கொல்லருக்கும் அன்று வாய்த்த பணி எளிதன்று. வண்டிச் சக்கரம் ஒரு நூல் கோணினால் வண்டி ஆடும், அவ்வளவே. இறக்கையின் வாரை ஒரு நூல் கோணினால் ஊர்தி ஒருபக்கம் கனக்கும். இரண்டு இறக்கைகளையும் கண்ணாடியில் காணும் எதிருருப்போல ஒத்தனவாக அமைப்பது, நிலத்தில் நின்று பார்ப்பவர் நினைப்பதைவிடக் கடினம். தேயிலைத் தோட்ட வரலாற்றிலும் நாம் காண்பது இதுவேயன்றோ? 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ரசல் துரையின் பெயரை நாடறியும். காட்டை வெட்டிச் சரிவுகளில் முதல் நாற்றை நட்டவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஊர்தி ஒருபக்கம் கனப்பதற்கு நான்கைந்து காரணங்கள் உண்டு. இறக்கைகளின் சாய்கோணத்தில் சிறு வேறுபாடு நேர்ந்திருக்கலாம். சுழலும் காற்றாடியின் எதிர்விசை ஊர்தியை மறுபுறம் உருட்ட முயலலாம். இருவர் அருகருகே அமரும் ஊர்தியில் ஒருவர் மட்டும் ஏறியிருக்கலாம். இறக்கைகளுள் வைத்த எரிபொருள் ஒருபக்கத் தொட்டியில் குறைந்து மறுபக்கத்தில் நிறைந்திருக்கலாம். இவற்றுள் முதலிரண்டும் ஊர்தியோடு நிலைத்திருப்பவை. பின்னிரண்டும் நாளுக்கு நாள், நாழிகைக்கு நாழிகை மாறுபவை. எந்தத் திருத்தம் எதற்குப் பொருந்தும் என்பது இந்த வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

முதல் உலகப்போர்க் காலத்து ஈரடுக்கு ஊர்திகளில் நிலைத்த குறையைக் கம்பியால் தீர்த்தனர். பறந்து இறங்கியவர், "இடப்பக்கம் கனக்கிறது" என்பார். கம்பி கட்டுபவர் அந்தப் பக்கத்து இறக்கையின் பின்கம்பிகளைத் திருகித் திருத்தி, நுனியில் சிறிதளவு முறுக்கு ஏற்றுவார். மறுநாள் மீண்டும் பறப்பர். இந்த வேலைக்குத் தனித் தொழிலாளரே இருந்தனர். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை அது. ஒற்றை இறக்கை ஊர்திகள் பெருகிக் கம்பிகள் மறைந்தபோது அந்த வழியும் மறைந்தது. இறக்கைக்குக் கீழே முட்டுத்தண்டு உடைய சிறிய ஊர்திகளில் மட்டும் பின்தண்டின் திருகை நீட்டியும் குறைத்தும் இன்றளவும் அவ்வாறு செய்கின்றனர்.

அடுத்த வழியைக் காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் ஃபிளட்னர். பெரிய பலகையை அசைக்கப் பெரிய விசை வேண்டியதில்லை. அதன் பின்னோரத்தில் ஒரு சிறு தகட்டை வைத்தால், காற்றே பலகையைத் தள்ளிக்கொள்ளும் என்று அவர் கண்டார். கப்பலின் சுக்கானுக்கும் விமானத்தின் பலகைகளுக்கும் அவர் பெயராலேயே அத்தகடு வழங்கியது. நாம் அதனை நாக்கு என்போம். இதன் செயல் மாணவரை முதலில் மயக்கும். ஆகவே ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். இடப்பக்க இறக்கை தாழ்கிறது என்று கொள்வோம். அதனை எழுப்ப, இடப்பக்க ஓரச்சிறகு கீழே இறங்க வேண்டும். ஓரச்சிறகைக் கீழே இறக்க, அதன் நாக்கை மேலே வளைக்க வேண்டும். மேலே வளைந்த நாக்கின்மீது மோதும் காற்று பலகையின் ஓரத்தைக் கீழே அழுத்துகிறது. நாக்கு மேலே, சிறகு கீழே, இறக்கை மேலே. தலைகீழாகப் புரிந்துகொண்டு வளைத்தால் குறை இரட்டிக்கும்.

இனி, தாமே கட்டுவோர் கதைக்கு வருவோம். 1933இல் ஆன்ரி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர் மிகச் சிறிய ஊர்தி ஒன்றைக் கட்டிப் பறந்தார். வானத்துப் பேன் என்பது அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள். ஆங்கிலேயர் அதனைப் பறக்கும் தெள்ளுப்பூச்சி ஆக்கினர். கையையும் காலையும் ஒத்திசைத்து ஊர்தி ஓட்டுவது தமக்குக் கைவரவில்லை என்று கண்ட மின்யே, ஓரச்சிறகையே நீக்கிவிட்டார். பிடியைப் பக்கவாட்டில் அசைத்தால் சுக்கான் திரும்பும். மேல்நோக்கி வளைந்த இறக்கை தானே சாய்ந்துகொடுக்கும். 1934இல் அவர் வெளியிட்ட நூலைப் பார்த்து ஐரோப்பாவெங்கும் எளிய மக்கள் கொட்டகைகளில் ஊர்தி கட்டத் தொடங்கினர். பின்னர் உயிர்கள் பலியாயின. 1936இல் காற்றுச் சுரங்கங்களில் வைத்துச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக நெருங்கியிருந்தமையால், செங்குத்தாக மூக்குத் தாழ்ந்த ஊர்தியைப் பிடியை எவ்வளவு இழுத்தாலும் நிமிர்த்த இயலவில்லை. அவ்வூர்தி பறப்பதற்குத் தடை வந்தது. ஓரச்சிறகு இல்லாமை அந்த மரணங்களுக்குக் காரணம் அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆயினும் தொழில்முறைச் சோதனை நிலையங்கள் பொறுமையாகச் செய்யும் வேலையைத் தனியொருவர் ஆர்வத்தால் தாண்டிச் செல்ல முடியாது என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்குக் காட்டியது. 1953இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் போல் போபெரெஸ்னி தாமே கட்டுவோர்க்கு ஒரு சங்கம் தொடங்கியபோது, பயிற்சியும் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துத் திருத்துவதும் அதன் உயிர்நாடியாயின.

இன்று கொட்டகையில் ஊர்தி கட்டும் ஒருவர் சமன்திருத்தத்திற்கு எந்த வழியை நாடலாம்? மிக எளியது, ஓரச்சிறகின் பின்னோரத்தில் விரல் நீளமுள்ள மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொருத்தி, நிலத்தில் இருக்கும்போதே கையால் வளைத்து வைப்பது. விலை ஒன்றுமில்லை; கெடுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அது நிலைத்த குறையை மட்டுமே தீர்க்கும். உடன்வருபவர் இறங்கிவிட்டால் பழைய கனம் மீண்டும் வரும். தகட்டை மடித்தே உருவாக்கிய ஓரச்சிறகாயின், அதன் பின்னோர மடிப்பை மரக்கட்டைகளின் இடையே வைத்து மெல்ல அழுத்தித் திருத்துவோரும் உண்டு. மிகுதியாக அழுத்திவிட்டால் மீட்பது அரிது. ஆதலால் நான் நாக்கையே விரும்புவேன்.

இரண்டாவது, வில்லைக் கம்பிச்சுருள். பிடியின் இருபுறமும் இரண்டு சுருள்களைக் கட்டி, ஒரு சிறு நெம்புகோலால் ஒருபக்கச் சுருளை இழுத்து வைத்தால், ஓட்டுபவர் கைக்குப் பதிலாகச் சுருள் பிடித்துக்கொள்ளும். பறக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம், இறக்கையைத் தொடவே வேண்டியதில்லை. தாமே கட்டுவோரிடையே இது பெரிதும் பரவியமைக்கு அதுவே காரணம். இதற்கொரு குறை உண்டு. காற்றின் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. சுருளின் விசையோ கூடுவதில்லை. ஆகவே ஒரு வேகத்தில் சமனாக இருந்தது மற்றொரு வேகத்தில் சமனாக இராது. நாக்கின் விசை வேகத்தோடு சேர்ந்தே கூடுவதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது, பறக்கும்போதே அசைக்கக்கூடிய நாக்கு. இதனைக் கம்பியாலும் இயக்கலாம். தீப்பெட்டி அளவேயான மின்மோட்டாராலும் இயக்கலாம். பிடியின் தலையில் ஒரு பொத்தான். அழுத்தினால் இறக்கை நிமிர்கிறது. இதைக் கண்டதும் கட்டுவோர் மனம் மயங்குகிறது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராம் எடையும் ஓரச்சிறகைக் கொடிபோலப் படபடக்கத் தூண்டும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டும்போது அந்தப் படபடப்பு சில வினாடிகளில் இறக்கையையே முறித்துவிடக்கூடும். 1916இல் இங்கிலாந்தின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் கடுமையாக நடுங்கியபோது லாஞ்செஸ்டரும் பேர்ஸ்டோவும் ஆராய்ந்து எழுதியதே இத்துறையின் முதற்பாடம். அதனால்தான் ஓரச்சிறகின் முன்விளிம்பில் ஈயக்கட்டி வைத்து எடையைச் சமன் செய்கின்றனர். நாக்கும் மோட்டாரும் பின்னர்ச் சேர்க்கப்பட்டால் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இணைப்புத் தண்டில் ஆட்டம் இருத்தலும் ஆகாது. மோட்டார் தானாகவே ஓடி ஓர் எல்லையில் போய் நின்றுவிட்டால், ஓட்டுபவர் தம் கைவலிமையாலேயே ஊர்தியை நேராகப் பிடித்துத் தரையிறக்க இயல வேண்டும். அதற்கேற்ப நாக்கின் அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவே இல்லாத வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எரிபொருளை இடத்தொட்டியிலிருந்து அரைமணி, வலத்தொட்டியிலிருந்து அரைமணி என்று மாற்றி மாற்றி எடுப்பது அது. கனத்த பக்கத்துத் தொட்டியை முதலில் குறைத்தால் தனியே பறப்பவர் பெரும்பாலும் வேறு திருத்தத்தைத் தேட வேண்டியதில்லை.

சொற்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வானூர்தி என்னும் சொல்லே புறநானூற்றில் உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 27ஆம் பாட்டில், செலுத்துவோன் ஏவாமலே செல்லும் ஊர்தி ஒன்று பேசப்படுகிறது. அதைக் காட்டித் தமிழர் அன்றே விமானம் செய்தனர் என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. புகழ்பெற்றோர் எய்தும் மேலுலகைப் பாடும் பாட்டு அது. ஆனால் பாகன் கைவிட்டாலும் நெறி பிறழாத ஊர்தியை எண்ணிப் பார்க்கும் மனம் நம் மொழியில் இருந்திருக்கிறது. அம்மொழியில் ஓரச்சிறகுக்கும் நாக்குக்கும் சொல் இல்லாமல் போக வேண்டியதில்லை. டி ஏஞ்சலிஸ் பறந்த பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949இல் ராஜம் தொழில்நுட்பக் கல்லூரி நிறுவினார். இராமேசுவரத்து அப்துல் கலாம் 1954இல் அங்குதான் வானூர்திப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். நம் நாட்டிலும் சிறிய விமானத் தொழில் தலைகாட்டியது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஏரோதீகா பயிற்சி விமானம் 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்டது. இடப்பக்க உறுப்பை வலப்பக்கத்திலும் மாட்டத்தக்கவாறு அமைத்திருந்தமை அதன் சிறப்பு. ஒரே அச்சில் வார்த்த இரு பக்கங்கள் ஒத்திருத்தல் எளிதன்றோ? கொட்டகையில் கட்டுவோர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் நாளெல்லாம் அளந்து பார்த்தும் ஒருபக்கம் சிறிது கனக்கவே செய்யும்.

ஆதலால் அவர்கள் முதற்பறப்பிற்கு முன் நாக்கை நிலையாக அறைவதில்லை. ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டிவைத்து, காற்று அமைதியாக இருக்கும் விடியற்காலையில் மேலெழும்புவர். இரு தொட்டிகளையும் ஒத்த அளவாக வைத்துக்கொண்டு, நேராகப் பறந்து, பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இறக்கை எந்தப் பக்கம், எத்தனை வினாடியில் சரிகிறது என்று குறித்துக்கொள்வர். இறங்கி, நாக்கைச் சிறிதளவு வளைத்து, மீண்டும் எழும்புவர். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ கை எடுத்தும் இறக்கை அசையாது. அதன்பின் வளைவின் அளவைப் பென்சிலால் குறித்து, தகட்டில் துளையிட்டு ஆணி அறைவர்.